ஆற்றங்கரை வீடுகளில் வெள்ள அபாயம் பற்றி எப்படிக் கேட்பது?

கேள்வி:
ஆற்றை ஒட்டிய குடும்பங்களுக்கான வினாத்தாளில், "உங்கள் வீட்டுக்கு வெள்ளம் வர எவ்வளவு வாய்ப்பு?" என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்டிருக்கிறோம். முன்னோட்டச் சுற்றில் கரையோரத்தில் இருப்பவர்களே 1, 2 போடுகிறார்கள். 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதிவிடலாமா?

பதில் 1:
அவசரப்படாதீங்க. தரைமட்டத்தை உயர்த்தி, ப்ளக் பாயிண்டை எல்லாம் இடுப்புக்கு மேலே ஏற்றி, பத்திரங்களைப் பரணில் வைத்தவருக்கு ஆபத்து நிஜமாகவே குறைவு. அவர் போட்ட 1 சரியான பதில்தான். ஒரே தடவை எடுக்கும் சர்வேயில் 'தயாராக இருப்பவர்கள் பயப்படவில்லை' என்று தலைகீழாகத் தெரிவது இதனால்தான். "இதுவரை என்ன செய்தீர்கள்?" என்று தனியாகக் கேளுங்க. பிறகு, "அதெல்லாம் செய்யாமல் இருந்திருந்தால்?" என்று கேளுங்க.

வாய்ப்பு, நீர்மட்டம், சேதம் மூன்றையும் ஒரே கேள்வியில் அடைக்காதீங்க. மட்டத்தை அடிக்கணக்கில் கேட்டால் குத்துமதிப்பாகத்தான் வரும். சுவரில் கை வைத்துக் காட்டச் சொல்லி, டேப் பிடித்து சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்க.

பதில் 2:
'நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்' என்ற சொல்லை வினாத்தாளில் போடவே வேண்டாம். ஒன்றைப் பார்த்தவர், "இனி நம்ம காலத்தில் வராது" என்று முடிவுகட்டிவிடுவார். அதன் பொருள் ஒவ்வோர் ஆண்டும் 1% வாய்ப்பு, அவ்வளவுதான். 0.99-ஐ 30 முறை பெருக்கி 1-இலிருந்து கழித்தால் ஏறக்குறைய 0.26. 30 ஆண்டு குடியிருப்பவருக்கு நான்கில் ஒரு வாய்ப்பு!

வெள்ளத்தடுப்புக் கரை இருந்தால் அதையும் பதிவு செய்யுங்கள். சிறு வெள்ளங்கள் நின்றுபோவதால் நினைவு மங்கும், கரைக்குப் பின்னால் வீடுகள் பெருகும், உடைந்தால் சேதம் பெரிது. அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் ஒயிட் 1945-லேயே சுட்டிக்காட்டியது இது.

பதில் 3:
இன்னொரு வகையும் உண்டு. ஆபத்து நன்றாகத் தெரியும், ஆனால் வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கிடையாது. தன்னால் எதுவும் ஆகாது என்று தோன்றினால் "அதெல்லாம் வராதுங்க" என்பதுதான் பதிலாக வரும். சொந்த வீடா, வாடகையா, மாடி உண்டா என்பதோடு "உங்களால் என்ன செய்ய முடியும்?" என்பதையும் சேருங்கள்.

கேள்வி கேட்டவர்:
அப்போ 1–5 கேள்வியை எடுத்துடலாமா?

பதில் 1:
வேண்டாம், முதல் கேள்வியாக வையுங்க. பழைய வெள்ளத்தைப் பற்றிப் பேசவிட்டுக் கேட்டால், அந்த நினைவே மதிப்பெண்ணை ஏற்றிவிடும்.