துரை பங்களாச் சுவரில் டாலி: கையெழுத்திட்ட அச்சுப்படங்கள், உங்கள் அனுபவம் என்ன?

பண்டாரவளை உறுப்பினர்:

இலங்கை மலைநாட்டில் அச்சுப்படம் சேர்க்கும் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருந்தாலும் தாந்தே, செர்வான்டிஸ், ஆலிஸ் கதை என்று பழைய இலக்கியங்களுக்குச் சல்வடோர் டாலி போன்ற, கனவையும் நனவையும் கலந்து வரையும் சர்ரியலிச ஓவியர்கள் படைத்த அச்சுப்படங்கள் நம் பக்கத்திலும் அவ்வப்போது தலைகாட்டுகின்றன. எப்படி வந்தன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது ஊர் திரும்பிய துரைமார் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விடவில்லை. பியானோ, பீங்கான், மான்கொம்பு, புத்தக அலுமாரி என்று எஞ்சியதெல்லாம் கைமாறியது. சுவரில் தொங்கிய படங்களும் கூடவே போயின. பெரும்பாலும் குதிரையும் நரிவேட்டையும்தான். எப்போதாவது ஒன்று கண்ணை நிறுத்தும்.

எனக்கு அப்படி அகப்பட்டது அப்புத்தளைப் பக்கத்தில் நடந்த ஒரு பங்களாச் சாமான் விற்பனையில். ஒரே ஆளிடம் இரண்டு படங்கள் இருந்தன. இரண்டும் தாந்தேயின் தெய்வீகக் காவியத்துக்கு டாலி படைத்த தொடரில் உள்ளவை என்று சொன்னார். ஒன்றில் கையெழுத்தில்லை. மற்றதில் வலது மூலையில் பென்சிலால் பெரிதாக, கிரீடம் வைத்ததுபோல் ஒரு கையெழுத்து. விலையும் அதற்கேற்றபடி பல மடங்கு. “சேர், கையெழுத்து இருக்கிறது, இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்படிச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பூதக்கண்ணாடியை எடுக்கத் தோன்றும்.

இந்தத் தொடரின் கதையே சுவையானது. தாந்தே பிறந்த 700ஆவது ஆண்டான 1965ஐ மனதில் வைத்து இத்தாலிய அரசு டாலியிடம் பணியை ஒப்படைத்தது. எங்கள் மகாகவிக்குப் படம் வரைய ஒரு ஸ்பெயின்காரனா என்று அங்கே கூச்சல் எழுந்து, கொடுத்த வேலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். டாலி விடவில்லை. நரகத்துக்கு 34, கழுவாய் உலகுக்கு 33, சொர்க்கத்துக்கு 33 என நூறு நீர்வண்ண ஓவியங்களை முடித்தார். பாரிஸ் பதிப்பகம் ஒன்று அவற்றை 1960களின் தொடக்கத்தில் மரக்கட்டை அச்சாக வெளியிட்டது. அதற்காகச் செதுக்கிய கட்டைகள் ஏறக்குறைய 3,500. அதாவது ஒரு படத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்ட கட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக மை.

அதனால்தான் பூதக்கண்ணாடி. விறாந்தையில் வெளிச்சம் விழும் இடத்துக்கு இரண்டையும் கொண்டுபோனேன். கையெழுத்தில்லாததில் நிறம் தட்டையாக, முழுமையாகப் படிந்திருந்தது. ஒரு நிறம் முடிந்து இன்னொன்று ஏறும் ஓரத்தில் மை சற்றே தடித்திருந்தது. கையெழுத்திட்டதிலோ நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பொடிப்பொடிப் புள்ளிகள், செய்தித்தாள் படத்தில் தெரியுமே, அதேபோல. புள்ளிகளால் படத்தை நகலெடுக்கும் ஓப்செட் அச்சு! பென்சில் கோடு மட்டும் உண்மையான பென்சில்தான், ஒளியில் சாய்த்தால் மினுங்கியது.

அந்தக் கையெழுத்து டாலியுடையதாகவே இருந்திருக்கலாம் என்பதுதான் வேடிக்கை. 1974இல் அண்டோராவுக்குப் போன ஒரு லொறியைப் பிரெஞ்சுச் சுங்கத்தார் மறித்தபோது, டாலி கையெழுத்து மட்டும் போட்டிருந்த வெற்றுத் தாள்கள் 40,000 அதில் இருந்தன. படம் பின்னால் எவன் வேண்டுமானாலும் அச்சிடுவான். ஆகவே கையெழுத்து அசலா என்று மண்டையை உடைப்பதில் எனக்கு நம்பிக்கையே இல்லை. தாளும் மையும் அசலா என்று முதலில் பார்க்கவேண்டும். கையெழுத்தில்லாத அந்த நரகப் படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். விற்றவர் என்னை விவரம் தெரியாதவன் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும்.

உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்.

ஹட்டன் உறுப்பினர்:

அண்ணா, எங்கள் வீட்டுக் கதை இது. என் அப்பா ஒரு தோட்டத்தில் பங்களா அப்புவாக, அதாவது சமையல்காரராக இருந்தவர். கடைசித் துரை புறப்படும்போது சமையல் பாத்திரங்களோடு, பிள்ளைகளுக்குக் காட்டு என்று சொல்லி, மூன்று தாள்களையும் கொடுத்துவிட்டுப் போனாராம். அட்டைப்பெட்டியும் இல்லை, தலைப்புப் பக்கமும் இல்லை. மூன்றும் லயத்துக் காம்பிராச் சுவரில் ஆணி அடித்து மாட்டப்பட்டன. நான் பார்த்து வளர்ந்த முதல் ஓவியங்கள் அவைதான்.

அவற்றுள் ஒன்றில் பெரிய கம்பளிப்பூச்சி. என் அப்பாயி, “கம்பளிப்பூச்சி இந்தப் பருமன் இருந்தால் கொழுந்துக்கு எவள் போவாள்?” என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் திட்டுவார். ஆனால் மூன்று படத்திலும் ஒரு மூலையில் கயிறு சுற்றி விளையாடும் பெண்பிள்ளை இருந்தாள். அவளை மட்டும் அப்பாயிக்குப் பிடிக்கும். பல வருடங்களுக்குப் பிறகுதான் அது ஆலிஸ் என்றும், 1969இல் நியூயோர்க்கில் வெளிவந்த டாலியின் தொடர் என்றும் தெரிந்தது. அத்தியாயத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு படங்களாம், முகப்புக்கு ஒரு செதுக்குப் படமாம்.

விஷயத்துக்கு வருகிறேன். கொழும்பிலிருந்து ஒரு வியாபாரி யாரோ சொல்லக் கேட்டு வீட்டுக்கு வந்தார். புரட்டிப் பார்த்துவிட்டு, கையெழுத்தில்லாத தாளுக்குப் பெரிய விலை கிடைக்காது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, கையெழுத்துக்கு ஆள் இருக்கிறது, லாபத்தில் பாதி பாதி என்றார்.

“டாலி 1989இலேயே செத்துப்போய்விட்டாரே, எங்கிருந்து வந்து போடுவார்?” என்றேன்.

“அதற்குத்தானே தங்கச்சி ஆள் வேண்டும்” என்று சிரித்தார்.

அடுப்படியில் இருந்த அம்மா வெளியே வந்து, “தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்” என்றார். எங்கள் வீட்டில் அதற்குமேல் கடுமையான சொல் கிடையாது. அவர் குடித்தார், கிளம்பினார். எனக்கு இன்னும் ஒரு சந்தேகம்: கையெழுத்தில்லை என்றால் தாளில் ஏதாவது குறையா?

பண்டாரவளை உறுப்பினர்:

தங்கச்சி, ஒரு குறையும் இல்லை. ஆலிஸ் தொடரின் பொதுப் பதிப்பில் டாலி கையெழுத்திட்டது தலைப்புப் பக்கத்தில். அத்தியாயப் படங்கள் கையெழுத்தில்லாமலேதான் வெளிவந்தன. விவரம் தெரிந்தவன் முயல் படத்திலோ கம்பளிப்பூச்சிப் படத்திலோ பென்சில் கையெழுத்தைக் கண்டால் முதலில் புருவத்தைத்தான் உயர்த்துவான். அந்த ஆள் உங்கள் தாளுக்கு விலை கூட்ட வரவில்லை, கெடுக்க வந்திருக்கிறார். அம்மாவுக்கு என் வணக்கம்.

கண்டி உறுப்பினர்:

நான் சேகரிப்பவன் அல்ல, படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். கையெழுத்தைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்கள், எனக்கு எதிரி ஈரலிப்பு. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஆடி மாத மழையில் சுவரே வியர்க்கும். கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும் தாளில் முதலில் பூஞ்சணம், பிறகு பழுப்புப் புள்ளி, அதற்குப் பின்னால் இராமபாணப் பூச்சி. கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் காற்றுக்கு இடம் விட்டு அட்டை கொடுங்கள். பின்னால் ஹாட்போட்டை நேரே வைக்காதீர்கள், அதன் பழுப்பு தாளில் இறங்கும். செலோடேப் ஒட்டியவனைச் சிறையில் போடவேண்டும். வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

தலவாக்கலையிலிருந்து ஒருவர் செர்வான்டிஸின் டொன் கிஹோட்டே கதைக்கு டாலி படைத்த கல்லச்சுப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். பாரிஸில் 1957இல் வெளியான தொடர் அது. அதற்கு டாலி தூரிகையோடு நிற்கவில்லை, பழைய துப்பாக்கியில் மை நிரப்பிக் கல்லின்மீது சுட்டார். வந்தவர் நடுவில் சிதறிக் கிடந்த கறுப்பைக் காட்டி, “இந்தக் கறையை எடுத்துத் தரமுடியுமா?” என்று கேட்டார். கறை அல்ல ஐயா, படமே அதுதான் என்று விளக்குவதற்குள் எனக்குத் தேநீர் ஆறிப்போனது.

சிரித்து முடித்தபின் கீழ் ஓரத்தைப் பார்த்தேன். வயிறு எரிந்தது. முன்னர் சட்டம் போட்ட எவனோ, கையில் இருந்த சட்டத்துக்கு அளவு வரவேண்டும் என்று தாளின் ஓரத்தைச் சீராக வெட்டியிருக்கிறான். எத்தனையாவது பிரதி என்று குறித்திருந்த எண் போய்விட்டது. கையெழுத்தின் மேல்பாதி மட்டும் மிச்சம், முதல் எழுத்தின் வளைவும் ஒரு கொம்பும். சட்டத்தை மாற்றலாம், தாளை வளர்க்க முடியாது. என் கடையில் கத்தரிக்கோல் அட்டைக்கு மட்டும்தான்.

நுவரெலியா உறுப்பினர்:

எல்லாம் சரி, ஒரு ஸ்பெயின்காரரின் பென்சில் கிறுக்கலுக்கு இவ்வளவு பாடா? கண்டியில் 1901இல் பிறந்த ஜோர்ஜ் கீற் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அதற்குக் கோட்டோவியங்களையும் தாமே வரைந்தார். செவ்விலக்கியமும் நவீன ஓவியமும் வேண்டுமென்றால் அது நம் வாசலிலேயே இருக்கிறது.

பண்டாரவளை உறுப்பினர்:

மறுக்கவில்லை. ஆனால் கீற்றின் கோட்டில் பிக்காசோவின் வாடைதான் அடிக்கும், சர்ரியலிசம் வேறு ரகம். எனக்கு இரண்டும் வேண்டும். பணம்தான் ஒன்றுக்கும் போதவில்லை. அது போக, கீற்றின் பெயரிலும் போலிகள் புழங்குகின்றன. பூதக்கண்ணாடியைக் கீழே வைக்க அங்கேயும் வழியில்லை.

பதுளை உறுப்பினர்:

அண்ணா, நான் புதியவன். கையெழுத்திட்ட டாலி படம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. தாளில் நீரடையாளம் இருக்கிறது என்கிறார்கள். அதை வைத்து ஏதாவது சொல்லமுடியுமா?

பண்டாரவளை உறுப்பினர்:

கொஞ்சம் சொல்லலாம் தம்பி. தாளைச் சட்டத்திலிருந்து எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். ஆர்ஷ் என்ற பிரெஞ்சுத் தாள் என்றால் பெயர் எழுத்துகள் தெரியும். பெயருக்குப் பக்கத்தில், படுக்கவைத்த எட்டு மாதிரி முடிவிலிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குறி 1980 அளவில்தான் அவர்களுடைய தாளில் சேர்ந்தது. அதே காலத்தில் டாலிக்குக் கை நடுக்கம் கண்டுவிட்டது. ஆகவே அறுபதுகளில் அச்சானது என்று சொல்லும் படத்தில் அந்தக் குறி தெரிந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். குறி இல்லை என்பதால் அசல் என்றும் ஆகிவிடாது, பழைய தாளில் புதிய போலி அடிப்பவனும் உண்டு. அல்பர்ட் பீல்ட் 1996இல் வெளியிட்ட டாலி அச்சுப்பட அட்டவணையில் அந்தப் படம் எந்த அளவில், எந்தத் தாளில், எத்தனை பிரதி என்று இருக்கும். அதோடு ஒத்துப்பாருங்கள்.

எனக்குப் புகைப்படம் அனுப்புவதென்றால் தாளின் முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரங்கள் எல்லாவற்றையும் எடுத்து அனுப்புங்கள். கண்ணாடியும் சட்டமுமாக எடுத்ததைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லமாட்டேன். முற்பணம் கொடுத்துவிட்டு வந்து கேட்காதீர்கள், அதற்கு முன்னால் கேளுங்கள்.