மண்டபம் பக்கம் மாத்தலாகி வர்றோம், பிள்ளைங்கள எந்த ஸ்கூல்ல சேர்க்குறது?

திண்டுக்கல்லம்மா
வணக்கம். வீட்டுக்காரருக்கு மண்டபத்துக்கு மாத்தல் ஆயிருக்கு, மே கடைசியில சாமான் சட்டியோட வந்துருவோம். பொண்ணு இப்ப ரெண்டாவது, ஜூன்ல மூணாவது போவா, பையன் ஒண்ணாவது சேரணும். இங்க பொண்ணு ஒரு சின்ன நர்சரி ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியம் படிக்கிறா, பீஸ் கட்டி வேன் கட்டி அதுக்கு மேல டியூஷனும் வச்சும் வாசிக்கச் சொன்னா மனப்பாடமா சொல்றா, எழுத்தக் கூட்டி வாசிக்கத் தெரியல. அதான் அங்க போனா கவர்மெண்ட் ஸ்கூல்லயே சேத்துரலாம்னு நான் நெனைக்கிறேன், மாமியாருக்கு இந்தப் பேச்ச எடுத்தாலே முகம் சுருங்குது. உச்சிப்புளில வாடகை கம்மிங்கிறாங்க, சிலபேரு ராமநாதபுரம் டவுன்லயே வீடு எடுங்க, அவரு தினம் போய்ட்டு வரட்டும்கிறாங்க. ஸ்கூல் பாக்காம வீடு பாக்க மனசு வரல, வீடு எங்கனு தெரியாம எந்த ஸ்கூலப் பாக்குறது? அந்தக் கடற்கரைப் பக்கம் எனக்கு ஒரு ஆளத் தெரியாது. எத வச்சு ஒரு ஸ்கூல் நல்லா இருக்குனு கண்டுபிடிக்கிறீங்க, அத மட்டும் சொல்லுங்க.

பாம்பன்காரன்
அக்கா டவுன்ல வீடு எடுக்காதீங்க. டவுன்ல இருந்து மண்டபம் 35 கிலோமீட்டருக்கு மேல இருக்கு, அண்ணன் போறது வர்றது பெருசில்ல, நடுப்பகல்ல பிள்ளைக்குக் காய்ச்சல்னு போன் வந்தா யாரு ஓடுறது. அதே மாதிரி வேல மண்டபத்துல இருக்கப்ப தீவுக்குள்ளயும் எடுக்காதீங்க. பாலத்து மேல வண்டிய நிப்பாட்டிட்டு கடலப் பாக்குற கூட்டம் ஒரு பக்கம், ஆடி அமாவாசை தை அமாவாசைன்னா ராமேஸ்வரம் போற வண்டி வரிசை ஒரு பக்கம், அன்னைக்கெல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. மண்டபத்துலயோ உச்சிப்புளியிலயோ பிள்ளை நடந்து போற தூரத்துல ஸ்கூலப் பிடிங்க, அப்புறம் அதச் சுத்தி வீடு தேடுங்க.

இன்னொண்ணு, இங்க யாரக் கேட்டாலும் கலாம் ஐயா படிச்ச மாவட்டம்னு ஆரம்பிப்பாங்க. அவரு படிச்ச காலத்துல தனுஷ்கோடிக்கு ரயில் ஓடிட்டு இருந்துச்சு, அத வச்சு இன்னைக்கு எந்த ஸ்கூல முடிவு பண்றது. ஹிஹி.

சாக்பீஸ்
நான் இந்த மாவட்டத்துலயே ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள்ல வேல பாத்து ரிட்டயர் ஆனவன்மா. மாமியார் பயப்படுறதுல பாதி நியாயம் இருக்கு, ஆனா கவர்மெண்ட் ஸ்கூலா பிரைவேட்டாங்கிறது கேள்வியே இல்ல, அந்த ஸ்கூல்ல உங்க பொண்ணோட வகுப்புக்குனு ஒரு டீச்சர் இருக்காங்களாங்கிறதுதான் கேள்வி.

கல்வி உரிமைச் சட்டத்துல (2009 சட்டம்) தொடக்கப் பள்ளிக்கு 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு ஆசிரியர்னு இருக்கு. கணக்குக்கு 30 பேருக்கு ஒருத்தர், கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வகுப்பு அஞ்சு இருக்குல்ல. அப்ப ஒருத்தர் 1, 2, 3 எடுக்கணும், இன்னொருத்தர் 4, 5. இதத்தான் ஈராசிரியர் பள்ளிம்பாங்க, கடற்கரை ஊருகள்ல இப்படி நெறைய. அதுல ஒருத்தர் தலைமை ஆசிரியரு, அவருக்கு எமிஸ்ல (பள்ளிக் கல்வித் துறையோட ஆன்லைன் பதிவேடு) பதியுற வேல, மீட்டிங், சத்துணவுக் கணக்கு. இன்னொருத்தர் பயிற்சிக்குப் போற அன்னைக்கு அஞ்சு வகுப்பும் ஒரே ரூம்ல உக்காந்திருக்கும். ரெண்டு பேரும் கெட்டிக்காரங்களா இருந்தா அதுலயும் பிள்ளைங்க தேறி வந்துருக்கு, நான் பாத்துருக்கேன், ஆனா அது அந்த ரெண்டு பேரோட உசுரு.

அதனால போனதும் கட்டடத்தப் பாக்காதீங்க. ஹெச்எம் ரூம்ல ஒரு போர்டு இருக்கும், வகுப்பு வாரியா பதிவு எத்தன, இன்னைக்கு வருகை எத்தனனு எழுதியிருப்பாங்க, அதப் படிங்க. மூணாவதுக்கு யாரு டீச்சர்னு கேளுங்க. முடிஞ்சா 1 முதல் 8 வரைக்கும் இருக்குற நடுநிலைப் பள்ளியாப் பாருங்க, பையனும் பொண்ணும் ஒரே வாசல்ல போவாங்க, ஆறாவதுக்கு மறுபடி அலைய வேண்டாம்.

கூட்டி வாசிக்கலனு சொன்னீங்கல்ல, அதுக்குப் பயப்படாதீங்க. 2022ல கொண்டு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைக்கு எவ்வளவு தெரியுமோ அதுக்கேத்த மாதிரி பிரிச்சு உக்கார வச்சு நடத்துவாங்க. ஒழுங்கா நடத்துற டீச்சர் கிட்ட மாட்டினா தீபாவளிக்குள்ள வாசிச்சுரும். ஒழுங்கா நடத்தலன்னா சுவத்துல சார்ட்டு மட்டும் தொங்கும்.

கீழக்கரைப்பொண்ணு
சாக்பீஸ் ஐயா சொன்னது எனக்கு அப்படியே நடந்துச்சு. நாங்க வேற ஊருல இருந்து இங்க வந்தப்ப ஒரு ஸ்கூல்ல சுவர் பூரா ரயில் படம், பெரிய டிவி, எல்லாம் பளபளனு இருந்துச்சு, வாப்பா பாத்ததும் இங்கயே போடும்மானுட்டாங்க. ஸ்கூல் பேரு வேண்டாம். ஆறு மாசத்துல எம் மகன் நோட்டுல பத்துப் பக்கம் தாண்டல, ஏன்டானு கேட்டா டீச்சர் போன்லயே எதையோ ஏத்திட்டு இருக்காங்கம்மாங்குறான், பாவம் அவங்களயும் குத்தம் சொல்ல முடியல ஒத்த ஆளா என்னதான் பண்ணுவாங்க. அப்புறம் ஓட்டுக் கட்டடத்துல இருந்த இன்னொரு ஸ்கூலுக்கு மாத்துனோம், அஞ்சு வகுப்புக்கும் அஞ்சு டீச்சர், இப்ப தமிழ்ப் பேப்பர வாசிச்சு வாப்பாக்குச் சொல்றான்.

ஒரு விஷயம் லாத்தா, இப்பவே கவர்மெண்ட் ஸ்கூல்ல போட்டுருங்க, இல்லேன்னா பின்னாடி மெடிக்கல் சீட்டுல 7.5 சதவீதம் ஒதுக்கீடு போயிரும்.

சாக்பீஸ்
அது அப்படி இல்லம்மா. அந்த 7.5க்கு ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும், ஒண்ணாவது ரெண்டாவது எங்க படிச்சாங்கனு பாக்குறதில்ல. காலேஜ் போற பொண்ணுங்களுக்கு மாசம் 1000 ரூபா குடுக்குற புதுமைப் பெண் திட்டத்துலயும் கணக்கு ஆறாவதுல இருந்துதான். மூணாவது படிக்கப் போற பிள்ளைய அதச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம். நல்ல டீச்சர் இருந்தா போடுங்க, இல்லேன்னா அடுத்த ஊரப் பாருங்க.

உப்புக்காத்து
நான் உச்சிப்புளி பக்கம். யாரும் சொல்லாதது, பாத்ரூமுக்குள்ள போய்ப் பாருங்க, தண்ணி வருதா, பொம்பளப் பிள்ளைங்களுதுக்குத் தாழ்ப்பாள் இருக்கா, குடிக்கிற தண்ணி எங்க இருந்து வருது. இங்க பல இடத்துல போர் போட்டா உப்புதான், குடிதண்ணி வெளிய இருந்து வரணும். வர்றது நின்னா ஸ்கூல் என்ன பண்ணுதுனு கேளுங்க, அதுலயே அந்த ஹெச்எம் எப்படிப்பட்ட ஆளுனு தெரிஞ்சுரும்.

இங்கிலீஷ் மீடியம் இருக்குனு போர்டு இருந்தா உடனே சந்தோஷப்படாதீங்க, சின்ன ஸ்கூல்ல தமிழ் மீடியம் பிள்ளையும் இங்கிலீஷ் மீடியம் பிள்ளையும் ஒரே ரூம், ஒரே டீச்சர், புக்கு மட்டும் வேற. தனி செக்‌ஷனானு கேட்டுக்கங்க.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், லீவும் கூடச் சேந்துக்கும், கடக்கரைத் தெருவுல பாதி வீட்டுப் பிள்ளைங்க அம்மாச்சி ஊருக்குப் போயிரும். அதுக்குள்ள, மார்ச்லயே வந்து பாத்துருங்க. லீவு விட்டா பூட்டுன ஸ்கூலத்தான் பாப்பீங்க.

திண்டுக்கல்லம்மா
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து செவ்வாக்கிழமை சொல்லாம கொள்ளாம போய் ரெண்டு ஸ்கூல் பாத்துட்டு வந்தோம், மாமியாரும் நானும் வர்றேன்னு கூடவே வந்துட்டாங்க. முதல் ஸ்கூல்ல போர்டுல வருகை எழுதவே இல்ல, தேதி போன வாரத்தோடது. ரெண்டாவது நடுநிலைப் பள்ளி, பெயிண்டெல்லாம் உப்புக்காத்துல உரிஞ்சு கெடக்கு, ஆனா மூணாவதுல 24 பேரு, அன்னைக்கு 22 பேரு வந்திருந்தாங்க, டீச்சர் தரையில உக்காந்து மீன் பேரு எழுதுன அட்டைய வச்சு வாசிக்க வச்சிட்டு இருந்தாங்க. சீலா, விளமீன், பாறைனு பிள்ளைங்க போட்டி போட்டு வாசிக்குது, எம் பொண்ணு வாய்க்குள்ளயே கூட்டிப் பாத்துட்டு நின்னா. காலை உணவு கணக்க முடிச்சிட்டு வந்த ஹெச்எம் கிட்ட மாமியார் நேரா, பொங்கல் கிச்சடி தவிர என்ன குடுப்பீங்க, முட்டை தினம் உண்டானு விசாரணையே நடத்திட்டாங்க. திரும்பி வர்றப்ப பஸ்ல ஒண்ணும் பேசல, அதுவே எனக்குப் பெருசு.

பக்கத்துத் தெருவுலயே ஒரு வீடும் இருக்கு. இப்ப இங்க இருக்குற நர்சரி ஸ்கூல்ல பாக்கி பீஸக் கட்டுனாத்தான் டிசினு இழுத்தடிக்கிறாங்க, டிசி இல்லாம அங்க சேர்ப்பாங்களா?

சாக்பீஸ்
சேர்த்துத்தான் ஆகணும்மா. டிசி வரலைங்கிறதக் காரணம் காட்டி சேர்க்கைய நிறுத்தி வைக்கக் கூடாதுனு அதே கல்வி உரிமைச் சட்டத்துல இருக்கு. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பொண்ணோட எமிஸ் நம்பர் எடுத்துட்டுப் போங்க. பழைய ஸ்கூல் எமிஸ்ல பேர காமன் பூலுக்கு (ஸ்கூல் மாறுற பிள்ளைங்களோட பொதுப் பட்டியல்) விட்டாத்தான் புது ஸ்கூல் இழுக்க முடியும், அதுக்கு இப்பவே எழுத்துல ஒரு மனு குடுத்து நகல்ல கையெழுத்து வாங்கிக்கங்க. அவங்க விடலைன்னா உங்க ஊரு வட்டாரக் கல்வி அலுவலர் கிட்ட அந்த நகலோட போங்க. பையனுக்கு ஜூலை 31க்குள்ள 5 வயசு முடியுதானு ஒருதடவ பாத்துக்கங்க.

திண்டுக்கல்லம்மா
அவனுக்கு மே 9 பிறந்த நாள் ஐயா, முடிஞ்சுரும். நாளைக்கே மனு எழுதுறேன்.