'கட்டணம்' வேண்டாம், 'ஊதியம்' என்போம்

அன்புள்ள ஐயா, நண்பர்களே,

வேலையில் அடிபட்ட தொழிலாளியின் இழப்பீட்டு வழக்கில் காயத்தைப் பார்த்து மருத்துவர் அறிக்கை தருகிறாரே, அதற்கு அவர் பெறும் தொகையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சில், 'சட்ட மருத்துவப் பரிசோதனைக் கட்டணம்' என்று ஐயா சொல்லியிருந்தார். நான்கு சொல்லில் மூன்று எனக்கு ஒட்டவில்லை.

சட்ட மருத்துவம் என்றதும் பிரேதப் பரிசோதனைதான் நினைவுக்கு வருகிறது. 'சட்ட' என்பதற்குப் பதிலாக 'பிணக்கு' என்று போடலாமா என்றால், அது இலங்கையில் பழகிய சொல். ஆனால் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் முதல் இரண்டு எழுத்திலேயே திகைத்து நின்றுவிடுவார்கள். 'தகராறு' என்றால் தொழிலாளி வம்புக்குப் போனதுபோல் ஆகிவிடும். 'வழக்கு' போதும். ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் தீர்ப்பதும் வழக்குதானே.

அப்புறம், 'பரிசோதனை'. ஐயா காட்டிய கலிஃபோர்னியா விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரல் 1 அன்று அங்கே நடப்புக்கு வந்த விதியில், வழக்குக்கான ஒரு முழு மருத்துவ மதிப்பீட்டுக்கு அடிப்படைத் தொகை 2,015 டாலர். 200 பக்க ஆவணங்களைப் படிப்பது அதில் அடக்கம். அதற்கு மேல் பக்கத்துக்கு 3 டாலர். பக்கக் கணக்கில் பணம் தருகிறார்கள் என்றால், படிப்பதும் எடைபோடுவதும் எழுதுவதும்தான் பெரிய வேலை. ஆகவே 'மதிப்பீடு'.

'கட்டணம்' பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தமிழ் வகுப்புக்கு வரும் ஒரு அக்காவின் கணவருக்கு ஆலையில் இரண்டு விரல் போய்விட்டது. இழப்பீடு பற்றி நான் எழுதிய துண்டறிக்கையை விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்த அந்த அக்கா, 'மருத்துவக் கட்டணம்' என்ற இடத்தில் நிறுத்தினார். கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த நோட்டுகளை எண்ணிவிட்டு, "இவ்வளவுதான் இருக்கு தம்பி" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி, ஏற்கப்பட்ட காயத்துக்கான சிகிச்சைச் செலவை மருத்துவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடாது. கலிஃபோர்னியாவிலும் வழக்கு மதிப்பீட்டுக்குப் பொதுவாகக் காப்பீட்டுத் தரப்புதான் பணம் தருகிறது. ஆனால் நான் போட்ட சொல் அவரைப் பயமுறுத்திவிட்டது.

கட்டணம் நாம் கட்டுவது. ஊதியம் ஒருவர் பெறுவது. ஓய்வூதியம், மதிப்பூதியம் எல்லாம் அப்படித்தான் பழகின. எனவே 'வழக்கு மருத்துவ மதிப்பீட்டு ஊதியம்' என்று முன்மொழிகிறேன். மாதச் சம்பளம் என்று நினைத்துவிட மாட்டார்களா என்று யாராவது கேட்கலாம். முன்னால் 'மதிப்பீட்டு' இருப்பதால் அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

தொகையை நிர்ணயிப்பதற்கு 'ஊதிய வரையறை' சரியாக வரும். தொகைப் பட்டியலுக்குத்தான் சொல் அமையவில்லை; 'ஊதிய அட்டவணை' என்றால் அரசு ஊழியர் சம்பளப் பட்டியல்போல் ஒலிக்கிறது. இதற்கு யாராவது நல்ல சொல் தாருங்கள். திருத்திய துண்டறிக்கை சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இழப்பீட்டு முடிவை எதிர்த்து மனுச் செய்ய இங்கே 180 நாள் அவகாசம் உண்டு என்பதையும் இந்த முறை பெரிய எழுத்தில் போடுகிறேன்.