சிம்மக்கல்லில் இருந்துகொண்டே 'ஐ ஹேவ் கம்' என்று சொன்ன நாள்

ஆங்கில டென்ஸில் மாட்டிக்கொண்ட அனுபவம் என்றால் எனக்கு உடனே ஞாபகம் வருவது மதுரை ஜங்ஷன் வாசல்தான். உசிலம்பட்டிப் பக்கம் தமிழ்வழியில் படித்துவிட்டு, வடக்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சின்ன லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்த புதிது. சிம்பிள், கன்டினியூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் என்று நான்கு, அதை மூன்று காலத்தோடு பெருக்கினால் 12. அந்த 12 கட்டமும் எனக்கு மனப்பாடம், எந்தக் கட்டத்தைக் கேட்டாலும் எழுதிக் காட்டுவேன்.

ஒருநாள் விடியற்காலை பாண்டியன் எக்ஸ்பிரஸில் இங்கிலாந்துக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் வந்து இறங்கினார்கள், இரண்டு பேருக்கும் எழுபதைத் தாண்டியிருக்கும். அவர்களைக் கூட்டிவரும் பொறுப்பு என்னுடையது. கோரிப்பாளையத்தில் ஆட்டோ ஏறி, ஏ.வி. பாலம் தாண்டி சிம்மக்கல் வரும்போது போன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். 'ஐ ஹேவ் கம் சார்' என்றேன். நம்ம ஊரில் 'இந்தா வந்துட்டேன்' என்றால் யாராவது வந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்களா? அவர் எடுத்துக்கொண்டார். ஓரமாக உட்கார்ந்திருந்த அந்த அம்மாவை எழுப்பி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு, ஆட்டோக்காரர்கள் சூழ்ந்து நிற்கிற அந்த வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் என்னைத் தேடி அலைந்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. திட்டவில்லை. 'நீங்கள் வந்துவிட்டதாகச் சொன்னீர்களே' என்று மட்டும் கேட்டார். ரொம்ப நாளைக்கு அது மனசை விட்டுப் போகவில்லை.

லாட்ஜுக்குப் பக்கத்து டீக்கடைக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தினமும் வருவார். அவரிடம் இதைச் சொன்னபோது, 'நீ தமிழில் தப்பே செய்யலம்மா, அதுக்குக் கால வழுவமைதின்னு பேரு' என்றார். நடக்கிற செயலையும் நடக்கப்போகிற செயலையும் அவசரத்தில் இறந்தகாலமாகச் சொல்லலாம் என்று தொல்காப்பியம் வினையியலிலேயே விதி இருக்கிறதாம். வந்துட்டேன் என்பதில் இருப்பது காலம் இல்லை, விரைவு. 'முதலமைச்சர் நாளை மதுரை வருகிறார்' என்று எழுதுகிறோமே, அதுவும் இதே கணக்குதான், அங்கே வருவது உறுதி என்பதற்காக நிகழ்காலம். பள்ளிக்கூடத்தில் இதைத் தமிழ் இரண்டாம் தாளுக்காகப் படித்து ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன், ஆனால் அடுத்த பீரியடில் ஆங்கிலம் நடத்தியவர்கள் யாரும் இதையும் அதையும் சேர்த்துப் பேசியதில்லை. பேசியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு ஆதங்கம் உண்டு. வழியில் இருந்தால் 'ஐ ஆம் ஆன் மை வே', கிளம்பி வந்துகொண்டிருந்தால் 'ஐ ஆம் கமிங்'. 'ஐ ஹேவ் கம்' சொல்ல அந்த வாசலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதைப் புரிந்துகொள்ள எனக்குத் தமிழ் ஐயா வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டு, தமிழில் நான் எப்படிச் சொல்கிறேன், அதையே அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுத ஆரம்பித்தேன். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மழை. காலையில் கதவைத் திறந்தால் தெரு நனைந்து கிடக்கிறது, 'நேத்து ராத்திரி மழை பெஞ்சிருக்கு' என்கிறோம். அதை அப்படியே 'இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்று ஒரு விருந்தினரிடம் சொன்னேன். அவர் ஆசிரியை, தங்கியிருந்த நாலு நாளும் என்னைத் திருத்துவதாக ஒப்பந்தம். லாஸ்ட் நைட் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேஸ்' வராது, 'இட் ரெயின்ட்' என்றால் போதும் என்றார். சரி என்று எழுதிக்கொண்டாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏனென்றால் 'பெய்தது' என்பதும் 'பெய்திருக்கிறது' என்பதும் நமக்கு ஒன்றில்லை. நான் மழையைப் பார்க்கவில்லை, ஈரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்பதை அந்த 'இருக்கு'தான் சொல்கிறது. வீட்டில் இல்லாதவர் திரும்பி வந்து 'அண்ணன் நேத்து வந்திருக்காரு' என்று தெரிந்துகொள்வது மாதிரி. ஆங்கிலத்து 'ஹேஸ்' அந்த வேலையைச் செய்யாது, நடந்ததை இப்போதோடு முடிச்சுப் போடுவதுதான் அதன் வேலை, அதனால்தான் பக்கத்தில் 'யெஸ்டர்டே' நிற்க முடிவதில்லை. இதை அரைகுறை ஆங்கிலத்தில் அந்த அம்மாவுக்கு விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் நீ சொல்ல வேண்டியது 'இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்றார். எனக்கு வேண்டியது அதுதான்! ஊகித்துச் சொல்வதற்கு அவர்களிடம் வேறு வழி இருக்கிறது, நான் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

கோயில் நடை விஷயமும் உண்டு. 'தினமும் காலையில் நடை திறக்கும்' என்பதை 'வில் ஓப்பன்' என்றே சொல்லி வந்தேன். நம்முடைய '-உம்' நாளைக்கும் வரும், வழக்கத்துக்கும் வரும். அவர்களுக்கு வழக்கம் என்றால் வெறும் 'ஓப்பன்ஸ்'. இது சீக்கிரம் பழகிவிட்டது.

பழகாதது என் தம்பிக்கு வந்தது. கப்பலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறான். கோயம்புத்தூரில் ஓர் இன்டர்வியூவில் 'ஐ ஒர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்றிருக்கிறான். ஏன் விட்டீர்கள், இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்க, இவன் விடவே இல்லையே என்று திகைக்க, எதையோ மறைக்கிறான் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும், வேலை கிடைக்கவில்லை. நாம் 'மூணு வருஷமா பார்க்கிறேன்' என்று நிகழ்காலத்திலேயே சொல்லி முடித்துவிடுகிறோம். அப்படியே 'ஐ ஆம் ஒர்க்கிங்' என்று போட்டால் அந்த மூன்று வருஷம் அதில் ஒட்டாது, 'ஒர்க்ட்' என்றால் முடிந்தே போனது. ஆரம்பித்தது முன்னாடி, நடப்பது இன்னமும் என்று இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத்தான் 'ஹேவ் பீன் ஒர்க்கிங்'. மூன்று வருஷம் என்று நீளத்தைச் சொன்னால் 'ஃபார்', சேர்ந்த வருஷத்தைச் சொன்னால் 'சின்ஸ்'.

அப்புறம் ஒரு வாரம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் அவனை உட்காரவைத்து, அவன் வாழ்க்கையில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறதை எல்லாம் 'ஹேவ் பீன்' போட்டுச் சொல்லச் சொன்னேன். அந்தக் கம்பெனி வேலை, திருமங்கலம் ரூமில் இருப்பது, அம்மாவின் முழங்கால் வைத்தியம், சீட்டுக் கட்டுவது, எல்லாமே. அடுத்த இன்டர்வியூவில் அதே வாக்கியத்தைச் சரியாகச் சொன்னான். அவர்கள் அடுத்துக் கேட்டது, இப்போதிருக்கும் இடத்திலிருந்து விடுபட எத்தனை நாள் ஆகும் என்று.