குடும்ப அட்டையும் தராசும்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ராத்திரி

நான் (இரவு 8.05)
[படம்] அம்மாயி டிரங்குப் பெட்டி அடியில இருந்துச்சு. 1972 குடும்ப அட்டை, இலங்கையில இருந்து இந்தியாவுக்கு அனுப்பினவங்களுக்குக் குடுத்தது, கண்டி சீல். தாத்தா போட்டிருக்கிற கோட்டு யாரோடது?

குன்னூர் சித்தி
ஐயோ அப்பா! கோட்டு ஸ்டூடியோக்காரரோடது. கையப் பாரு, விரலே வெளிய தெரியல.

சேரம்பாடி மாமா
முன்னாடி நிக்கிற மொட்டை நான். மடியில இருக்கிறது உங்கம்மா.

நான்
காலேஜ்ல வாய்மொழி வரலாறு சேகரிக்கச் சொல்லியிருக்காங்க. நம்ம மலையில உரிமைக்காகப் போராடினவங்க பேச்சைப் பதிவு பண்ணணும். அம்மாயிகிட்ட இருந்து ஆரம்பிக்கலாமா?

சேரம்பாடி மாமா
என்ன போராட்டம்? 64ல இந்தியாவும் இலங்கையும் நம்ம தோட்டத்து ஆளுகளைப் பிரிச்சுக்க ஒப்பந்தம் போட்டாங்க. ராமானுஜம் கப்பல் விட்டாங்க. ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் கேம்ப்ல கிடந்து, இங்க டேன்டீ வேலைக்கு, அதான் தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு, வந்தோம். அவ்வளவுதான். குரூப்ல அரசியல் வேணாம்மா.

நான்
மாமா, சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டது 1964 அக்டோபர் 30. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயேன்னு அன்னிக்கே எழுதியாச்சு. உனக்கு எந்த நாடு வேணும்னு மனு வாங்கினது அதுக்கப்புறம்தான். அங்கேயே இருக்கோம்னு போட்டவங்கதான் ஜாஸ்தி. இந்தியாவுக்குப் போட்டவங்க 5,25,000ஐ எட்டவே இல்ல. அப்புறம் எப்படி நாமளா வந்தோம்னு சொல்றது?

ஹட்டன் அத்தை
சரியாக் கேட்ட மகள். எங்க மாமா, அதான் உங்க தாத்தா, மொதல்ல இங்கத்த இலங்கைப் பிரஜாவுரிமைக்குத்தான் மனு போட்டாரு. தள்ளிட்டாங்க. எங்கம்மா மனு தப்பிச்சிச்சு. 7 பேர் அந்தப் பக்கம்னா 4 பேருக்கு இந்தப் பக்கம், அதான் கணக்கு. "அண்ணன் போனதாலதான் எனக்குச் சீட்டு"ன்னு சொல்லிச் சொல்லி அழுவாங்க.

குன்னூர் சித்தி
அண்ணன் அங்க ஒரு மொறப்பொண்ணை விட்டுட்டு வந்துட்டாரு, அதான் அவரு கவலை.

சேரம்பாடி மாமா
எனக்கு அப்ப ஆறு வயசு.

தம்பி
அம்மாயி பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டுச்சு. வாய்ஸ் அனுப்பிருக்கு. காதுல கேக்க முடியாதவங்களுக்கு எழுதறேன்:

"47ல எங்கப்பாவுக்கு ஓட்டு இருந்திச்சி. நம்ம ஆளுக ஏழு பேரு செயிச்சிப் பார்லிமெண்டுக்குப் போனாங்க. தொண்டமானும் அதுல ஒருத்தரு, நுவரெலியாவுல. அடுத்த வருசமே எங்க பிரஜாவுரிமையைப் பறிக்கிற சட்டம் வந்திருச்சி. 52 எலெக்சனுக்கு எங்க ஓட்டு இல்ல. அப்பா கொழும்புக்குப் போனாரு, பிரதம மந்திரி ஆபீசு முன்னுக்குச் சத்தியாக்கிரகம் இருக்க. எனக்கு அப்பவே பேரு பதிஞ்சாச்சி, காலையில பெரட்டுக்கு, ஆள் கணக்கு எடுக்குற எடத்துக்கு, போறேன். எங்கடி உங்கப்பன்னு கங்காணி கேக்குறான். காச்சல்னு சொல்லுன்னு அம்மா சொல்லி விட்டிருந்தா. நான் சொல்லல. கொழும்புக்குப் போயிருக்காருன்னேன். அன்னிக்கி எனக்கு அரைப் பேருதான் போட்டான், பாதி நாள் சம்பளம்."

குன்னூர் சித்தி
அம்மா இதை எங்ககிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே!

தம்பி
நீங்க யாரும் கேக்கலியாம்.

ஹட்டன் அத்தை
அதுக்கும் முந்தின கதை எங்கம்மா சொல்லுவாங்க. வெளி ஆள் தோட்டத்துக்குள்ள காலு வைக்க ஏலாத காலம். தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் புடவை யாவாரி மாதிரி மூட்டையைத் தூக்கிட்டு லயத்துக்குள்ள, அதான் தொழிலாளர் லைன் வீடுகளுக்குள்ள, வருவாராம். புடவைய விரிச்சுக் காட்டிக்கிட்டே சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவுன்னு கேப்பாராம். 1931ல இங்க ஹட்டன்லதான் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கினாரு. அவரு சம்சாரம் மீனாட்சியம்மாளும் கூட்டத்துக்கு வருவாங்க. அவங்க பாடினாத்தான் பொம்பளையாளுக வந்து கூடுவாங்களாம்.

சேரம்பாடி மாமா
அதெல்லாம் அங்க. நீலகிரிக்கு வந்தப்புறம் அம்மா ஒரு கொடியும் பிடிச்சதில்ல.

தம்பி
அடுத்த வாய்ஸ், மூணு நிமிசம். அம்மாயி கொஞ்சம் கோவமாத்தான் பேசுது:

"கொடி இல்லடா, தராசு. அந்தத் தோட்டத்துல மழையில கொழுந்து ஈரம்னு கழிப்பான். சரி. சுட்டெரிக்கிற வெயில்லயும் அதே கழிவு எதுக்கு? சாக்குக்கு வேற தனியாக் கழிவு. ஒரு நாளு மத்தியானம் நிறுவைக்குப் போனோம். யாரும் சாக்கைத் தூக்கித் தராசுல மாட்டல. தராசைச் சுத்திச் சாக்கைப் போட்டு அது மேலயே உக்காந்துட்டோம். சத்தம் போடல, கோசம் போடல. கொழுந்து சாக்குக்குள்ள கெடந்தா சூடேறிச் செவந்து போயிரும், பாக்டரிக்கு ஆகாது. அது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நான் அப்பப்பக் கைய உள்ள விட்டுப் பாப்பேன். வெதுவெதுன்னு வந்திருச்சி. எங்க பாடும் அதுல இருக்கில்ல, வயித்தைக் கலக்குது. இருட்டுற நேரத்துல ஆபீசரு ஜீப்புல வந்தாரு. வெறும் சாக்கைத் தராசுல மாட்டு, என்ன எடைன்னு நாங்களும் பாக்குறோம்னு சொன்னோம். மாட்டுனான். அவன் கழிச்சதுல பாதிகூட இல்ல. அன்னையில இருந்து சாக்குக் கழிவு கொறஞ்சிச்சி. ஈரக் கழிவு போகல."

நான்
அம்மாயி!!!

குன்னூர் சித்தி
எனக்கு ரோமம் சிலிர்க்குது.

சேரம்பாடி மாமா (8.51)
மீதியை நான் சொல்றேன். முன்னாடி உக்காந்தவங்க பேரை மறுநாள் எடுத்துட்டாங்க. அம்மா பேரும் அதுல. வேலை திரும்பக் கெடைக்கிற வரைக்கும் வீட்டுல கஞ்சியும் மாங்கா ஊறுகாயும்தான். அப்பா ராத்திரியில விறகு சுமந்தாரு. தம்பி தங்கச்சிக்கு இது ஞாபகம் இருக்காது. பள்ளிக்கூடத்துல சோறு போட்டதால நான் லீவே போடல. எல்லாரும் நல்லாப் படிக்கிற பையன்னாங்க.

குன்னூர் சித்தி
அண்ணா…

ஹட்டன் அத்தை
அதுதான் உண்மை. தலைவர்மார் பேரு புத்தகத்துல வரும், பசி கெடந்த புள்ளைக பேரு வராது. எங்க வீட்டுக்காரரு 77ல டெவன் தோட்டத்துக் கூட்டத்துல நின்னவரு. தோட்டக் காணியைப் பறிக்க விடமாட்டோம்னு ஆளுக திரண்டப்ப, பொலிஸ் சுட்டு சிவனு லெட்சுமணன் செத்தாரு. அப்ப இவருக்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்ல. இந்தியப் பாஸ்போட்டோட இருந்த பக்கத்து லயத்து ஆளுக 84ல கப்பல் நின்டதும் அப்படியே நின்டுட்டாங்க. இவருக்கு 88 சட்டத்துலதான் கெடைச்சிச்சு. மிச்சப் பேருக்கு 2003 வரைக்கும் இழுத்திச்சு.

நான்
மாமா, நீங்களும் பேசணும். கஞ்சி குடிச்சதும் வரலாறுதான்.

சேரம்பாடி மாமா
எனக்கு அரசியல் ஆகாதும்மா. சொல்லிட்டேன்.

குன்னூர் சித்தி
அப்படியா? 2022ல டேன்டீ நிலத்துல ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் குடுக்கறாங்கன்னதும் குடையைப் பிடிச்சுக்கிட்டு ஆர்ப்பாட்டத்துல நின்னது யாரு? போட்டோ போடவா?

சேரம்பாடி மாமா
அது வீட்டுப் பிரச்சினை. ரிட்டயர் ஆனவனை லைன் வீட்டைக் காலி பண்ணச் சொன்னா எங்க போறது? அதுல அரசியல் எங்க வந்துச்சு?

தம்பி
அம்மாயி சிரிக்குது.

நான்
மாமா, இதே வார்த்தையைச் சொல்லுங்க, அப்படியே பதிவு பண்ணிக்கறேன். ஞாயித்துக்கிழமை காலையில வரட்டுமா?

சேரம்பாடி மாமா
வா. தோட்டத்துப் பேரு, ஆபீசர் பேரு எதுவும் வேணாம். என் ஃபைல் ஒண்ணு இன்னும் அவங்ககிட்டதான் இருக்கு. அம்மாவைக் காலையிலயே பேச வச்சுரு, மத்தியானத்துக்கு மேல அசந்துருவாங்க.

ஹட்டன் அத்தை
மாமாவோட தள்ளுபடியான மனுக் கடதாசி எங்கம்மா பெட்டியில இருக்கு. மகன்கிட்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன். மடிப்புல கிழிஞ்சிருக்கு, தேதி மட்டும் வாசிக்கலாம்.

தம்பி (9.20)
அம்மாயி இன்னொண்ணு சொல்லுது. தராசுகிட்ட உக்காந்ததுல இன்னொரு ஆயா மேல் லைன்ல இருக்காங்களாம். "அவளையும் கேளு, என்னைவிட அவதான் ஆபீசரை எதுத்துப் பேசுனா. காது மந்தம், பக்கத்துல உக்காந்து சத்தமாக் கேக்கணும். வெத்தலை வாங்கிட்டுப் போ."