கண் மஞ்சளாகிவிட்டது, தண்ணீரால் வந்திருக்குமா?

தம்பிக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல், சோற்றைப் பார்த்தாலே ஓங்கரிக்கிறான். நேற்று சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது, இன்று காலை வெளிச்சத்தில் பார்த்தால் விழி மஞ்சள். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ, அதாவது வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி என்றார்கள். அவன் வெளியில் சாப்பிட்டே ஒரு மாதம் ஆகிறது, அப்புறம் எப்படி?

பதில் 1:
அந்த ஒரு மாதம்தான் கணக்கு. வைரஸ் உள்ளே போய் 15 முதல் 50 நாள் கழித்துத்தான் அறிகுறி தெரியும், பெரும்பாலும் 28 நாள் வாக்கில். மலம் கலந்த தண்ணீர், அதில் செய்த ஐஸ், சரியாகக் கழுவாத கை, இப்படித்தான் வருகிறது. பி, சி வகைகள் ரத்தம் வழியாகப் பரவுபவை. ஏ வகை நாள்பட்ட நோயாகத் தங்காது, பயப்படாதீர்கள்.

பதில் 2:
கீழாநெல்லி போதும் என்று நாங்களும் அப்பாவை வீட்டிலேயே வைத்திருந்தோம், அவர் பகலெல்லாம் தூங்கி, எழுப்பினால் உளற ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்தத் தவறைச் செய்யாதீர்கள். குழப்பம், ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே கிளம்புங்கள். டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால்கூட வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி. வாந்தி குறைந்திருக்கிறது, கஞ்சி இறங்குகிறது. வீட்டில் எல்லோருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம்.