ஒரே வேகத்தில் ஏறும் ரயிலில் விசை எங்கே போகிறது?

கேள்வி:
எனக்கு இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. விசை இருந்தால் ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) இருக்கும் என்று படித்தேன். ஆனால் மலைநாட்டுப் பாதையில் நானுஓயாவிலிருந்து பட்டிப்பொலைக்கு ஏறும்போது எஞ்சின் முக்கி முக்கி இழுத்தும் ரயிலின் வேகம் கூடுவதில்லையே, ஏன் சேர்?

பதில்:
அருமையான கேள்வி மகள். நீங்கள் படித்த விதியில் வருவது எஞ்சினின் இழுப்பு மட்டும் அல்ல, எல்லா விசைகளும் சேர்ந்த விளையுள் விசை. 44 மீற்றர் ஓடினால் 1 மீற்றர் ஏறும் சரிவு என்று வையுங்கள். பெட்டியின் ஒவ்வொரு 1000 கிலோகிராம் திணிவின் நிறையும் ஏறத்தாழ 10,000 நியூற்றன். அதில் 44இல் ஒரு பங்கு, சுமார் 227 நியூற்றன், பெட்டியைப் பின்னுக்கு இழுக்கும். உராய்வும் அதோடு சேரும். எஞ்சின் இழுப்பு இரண்டுக்கும் ஈடாகிவிட்டால் விளையுள் பூச்சியம், ஆர்முடுகலும் பூச்சியம்.

கேட்டவர்:
பூச்சியம் என்றால் ரயில் நின்றுவிடாதா சேர்?

பதில்:
நிற்காது. இங்கேதான் நிறையப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ஓடிக்கொண்டிருப்பதற்கு விளையுள் விசை தேவையில்லை, வேகத்தையோ திசையையோ மாற்றத்தான் தேவை. நியூற்றன் 1687இல் வெளியிட்ட முதலாம் விதி இதுதான்.

இன்னொருவர்:
தங்கச்சி, உச்சி தாண்டி ஒஹியா பக்கம் இறங்கும்போது அதே ஈர்ப்பு முன்னுக்கு இழுக்கும், அதனால்தான் பிரேக். பரீட்சையில் முதலில் பெட்டியை வரைந்து விசைகளுக்கு அம்புக்குறி போடுங்கள், அப்புறம் கணக்கு.